குழாய்க்கு முன் ஒரு குப்பி ஃபென்டனில்

ஒருவரை மயக்கித் தொண்டைக்குள் சுவாசக் குழாய் செலுத்தும்போது ஆள் தூங்கினாலும் உடல் சும்மா கிடப்பதில்லை. அட்ரினலின் சுரந்து நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். சில மயக்க வாயுக்கள் தாமாகவே இதைச் செய்யும். டெஸ்ஃபுளூரேனை 6 வீதத்துக்கு மேல் சட்டென்று ஏற்றினால், கத்தி படுமுன்னரே இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கும். ஐசோஃபுளூரேனில் இது குறைவு. செவோஃபுளூரேனில் அநேகமாக இல்லை. இளைஞர் தாங்கிக்கொள்வார். இதய நாளம் அடைபட்ட முதியவருக்கு அந்தச் சில நிமிடங்களே ஆபத்து.

இந்த எகிறலை அடக்க முன்கூட்டியே கொடுப்பது ஃபென்டனில், அபினைப் போல வேலை செய்யும் வலிநிவாரணி. கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 100 மைக்ரோகிராம் வரை, அதாவது 2 மில்லிலீற்றர் குப்பி ஒன்று. ஊசி போட்ட கையோடு குழாயை எடுக்கக் கூடாது. மருந்து முழுதாகப் பிடிக்க மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் காலை வேளையில் முதலில் பறிபோவது இந்த நிமிடங்கள்தான். வாயுவின் தேவையையும் ஃபென்டனில் குறைக்கும். ஆனால் இரத்தம் இழந்தவருக்கு அதே அளவைக் கொடுத்தால் அழுத்தம் சரிந்துவிடும்.

கொழும்பிலும் சென்னையிலும் இந்த வைத்தியம் ஒன்றே. குப்பி கைக்கு வரும் வழிதான் வேறு.

இந்தியாவில் அபின் சட்டப்படி விளைகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசுத் தொழிற்சாலைகள் உண்டு. ஃபென்டனில் அபினிலிருந்து வருவதல்ல, ஆய்வுகூடத்தில் செய்யப்படுவது. அதைத் தயாரிக்கும் கம்பனிகளும் அங்கே இருக்கின்றன. இருந்தும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடும் தண்டனையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறிய உரிமங்களும் சிறுநகர மருத்துவமனைகளை விலகியிருக்க வைத்தன. பதிலுக்கு எளிதாகக் கிடைத்த பென்டசோசின், பியூட்டோர்ஃபனோல் என்ற வலிநிவாரணிகள் கைக்கு வந்தன. பென்டசோசின் இரத்த அழுத்தத்தையும் இதயத்தின் சுமையையும் தானே கூட்டக்கூடியது. நாம் தடுக்க நினைப்பதையே அது செய்கிறது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி வந்தது. பழைய அச்சம் மட்டும் முற்றாக விலகவில்லை.

இலங்கையில் அபின் விளைவதில்லை. மருந்து இறக்குமதியாகி, சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு வழியாக அரசாங்க வைத்தியசாலைகளுக்குப் போகிறது. பூட்டிய அலுமாரி, பதிவேடு, கையொப்பம் என்று கட்டுப்பாடு இங்கும் உண்டு. ஆனால் அது மருந்தைக் காக்கிறதே தவிர வைத்தியரை மிரட்டவில்லை. இந்த ஏற்பாடே மேலானது என்பேன். அதன் பலவீனம் இறக்குமதிக்குத் தேவைப்படும் டொலர். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியபோது, இந்தியாவிலிருந்துதான் உதவி மருந்துகள் வந்தன.

இந்தியச் சிறு மருத்துவமனைகள் இனியாவது புதிய விதியின்கீழ் அங்கீகாரம் பெறட்டும். இலங்கை அரசு மயக்க மருந்துகளுக்கென்று தனிக் கையிருப்பு வைக்கட்டும். அடுத்த நெருக்கடி வரும்வரை அதைத் தள்ளிப்போடக் கூடாது.