ஐந்நூறு ரூபாய் மதில்

2017 டிசம்பரில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது: கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான விலையில் மிளகை இந்தியாவுக்குள் இறக்கக் கூடாது. அடுத்த மார்ச்சில் பிடி இன்னும் இறுகியது. அந்த விலைக்குக் கீழான மிளகு தடை செய்யப்பட்ட சரக்காயிற்று. இடுக்கி, வயநாடு, குடகு விவசாயிகள் கேட்டு வாங்கிய காவல் இது. அவர்கள் கேட்டதில் தவறில்லை. 2016 வாக்கில் 700 ரூபாயைத் தொட்ட மிளகு, அறிவிக்கை வந்த சமயம் 400 சொச்சத்துக்கு இறங்கியிருந்தது.

மதில் எழுந்தபின் விலை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. 2018-இல் 400-க்கும் கீழே சரிந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளும் பெரும்பாலும் அங்கேயே கிடந்தது. ஏன் என்று பார்த்தால்தான் இந்தக் காவலின் லட்சணம் புரியும்.

கணக்குக்காக வியட்நாம் மிளகு கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தென்கிழக்காசிய நாடுகளோடு செய்து 2010-இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தப்படி மிளகுத் தீர்வை ஆண்டுக்காண்டு குறைந்து 50 சதவீதத்தில் நின்றது. யோக்கியமான வியாபாரி அதைக் கட்டினால் அடக்கம் 300. அரசுக்குக் கிலோவுக்கு நூறு ரூபாய் வரவு. மதில் எழுந்தபின் அவர் அதே சரக்கைக் கொண்டுவரவே முடியாது. இன்னொருவர் அதே மிளகைக் கொழும்பு வழியாகத் திருப்பி, இலங்கையில் விளைந்தது என்று சான்றிதழ் வாங்கி, பில்லில் 500 ரூபாய் என்று போடுகிறார். தெற்காசிய ஒப்பந்தப்படி தீர்வை 8 சதவீதம்தான். 500-க்கு 40 ரூபாய். பில்லில் ஏற்றிக் காட்டிய 300 ரூபாய் வேறு வழியில் அவருக்கே திரும்பிவிடும். அடக்கம் 240. இந்திய இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் தீர்வையே இல்லாமல் வரலாம் என்பது தனிக்கதை. ஆக, இந்த மதில் நேர்மையானவரை வெளியே நிறுத்திவிட்டுத் போலித் தாள் தயாரிக்கத் தெரிந்தவருக்குக் கதவைத் திறந்து வைத்தது. கஜானாவுக்கு வரவேண்டிய பணமும் போயிற்று.

மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகு விவசாயிகளுக்கும் இதில் நட்டம்தான். வியட்நாம் மிளகு அவர்கள் பெயரில் விற்றதால் அவர்கள் சரக்குக்கு மதிப்புக் குறைந்தது. 2019 இறுதியில் இலங்கை அரசே, மறு ஏற்றுமதிக்கென மிளகை இறக்குமதி செய்யத் தடை போட்டது. நம்முடைய அறிவிக்கையைவிட அந்தத் தடைதான் ஓட்டையை நேராக அடைக்கப் பார்த்தது என்பேன்.

அப்படியானால் மதிலே வேண்டாமா? பொருளியல் பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். டேவிட் ரிக்கார்டோ 1817-இல் எழுதிய நூலில் இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் ஒயினையும் வைத்துக் காட்டிய கணக்கு இது: போர்ச்சுகல் இரண்டையுமே மலிவாகச் செய்யக்கூடிய நாடானாலும், எதில் அதற்குக் கூடுதல் மேன்மையோ அதை மட்டும் செய்து மற்றதை வாங்கிக்கொண்டால் இரு தரப்புக்கும் லாபம். ஒப்பீட்டுச் செலவு நன்மைக் கோட்பாடு என்று பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிறோமே, அதுதான்.

பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கோட்பாடு புத்தக விஷயமல்ல. இடுக்கி மலையில் ஏலமும் மிளகும் போட்டுவிட்டு, அரிசியும் காய்கறியும் தமிழ்நாட்டுக் கம்பம் ஊரிலிருந்து ஏற்றிக்கொள்கிறார்கள். பாலக்காட்டு எல்லையில் வாளையாறு வழியே போகும் லாரி நின்றால் கேரளத்துச் சமையலறை திண்டாடும். 1964-இல், தென் மாநிலங்களுக்குள் அரிசி தடையின்றிப் போய்வந்த தென்மண்டலத்தைக் கலைத்து, மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போவதைக் கட்டுப்படுத்தியபோது அது நடந்தும் விட்டது. பணப்பயிரை நம்பிய கேரளம் அரிசிக்குத் தவித்தது. எல்லையில் அரிசி கடத்தல் ஒரு தொழிலாகவே ஆயிற்று. தடையின் கொடுமையை அப்படி அனுபவித்த மாநிலம்தான் 2009 அக்டோபர் 2 அன்று, ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்துக் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி கோத்தது. வாங்குகிற அரிசிக்குத் திறந்த கதவு, விற்கிற மிளகுக்கும் தேங்காய்க்கும் மூடிய கதவு. இது முரண்பாடுதான். ஆனாலும் சங்கிலியில் நின்றவர்களுக்கு விவரம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது.

ரிக்கார்டோ கணக்கில் துணி நெய்தவர் நாளைக்கே திராட்சை பிழிவார். மலையில் அது நடக்காது. மிளகுக்கொடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டு பிடிக்கும். கொடி ஏறும் முருக்கு மரம் அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். 2000-களின் நடுவில் ஒரு குளவி அந்த மரங்களைத் தாக்கியபோது, மரத்தோடு கொடியையும் இழந்தவர்கள் உண்டு. வாடல் நோய் ஒரு மழைக்காலத்தில் தோட்டத்தைக் காலி செய்துவிடும். விலை விழுந்தது என்பதற்காக இந்த மண்ணில் வேறொன்றுக்கு மாறுவதும் ஐந்து வருஷ வேலை. வங்கிக் கடனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கோட்பாட்டின் பலவீனம் கூட்டல் கழித்தலில் இல்லை, காலத்தைக் கணக்கில் சேர்க்காததில் இருக்கிறது.

மறுபுறம் விளைச்சலையும் மறைக்கக் கூடாது. வியட்நாம் எக்டேருக்கு இரண்டு டன்னுக்கு மேல் எடுக்கிறது. நம் சராசரி சில நூறு கிலோதான். அங்கே கம்பம் நட்டுத் தனிப்பயிராக உரம் கொட்டி வளர்க்கிறார்கள். இங்கே காப்பிக்கும் ஏலத்துக்கும் நடுவே நிழலில் ஊடுபயிர். நம் சரக்கின் காரமும் எண்ணெயும் நயம் என்பார்கள். ஆனால் கட்டப்பனை மலைச்சரக்குக் கடையில் விவசாயி சாக்கை அவிழ்த்ததும் நடப்பது என்ன? ஒரு லிட்டர் அளவையில் மிளகை நிரப்பி எடை போடுவார்கள். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 என்றால் வேறு விலை. ஈரம் இருந்தால் கழிவு. காரத்தை அளக்க அங்கே எதுவும் கிடையாது. எடைக்கு விற்கிற பொருள் எடைக்காரனிடம்தான் தோற்கும். 500 ரூபாய் மதில் இதை எந்த விதத்திலும் மாற்றவில்லை. பழைய கொடியைப் பிடுங்கி மறுநடவு செய்ய அது ஒரு ரூபாயும் தரவில்லை.

கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளிச் சாலைகளில் விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து தோட்ட வேலைக்கு மலையேறும் தேனி மாவட்டத்துப் பெண்களை இந்த விவாதத்தில் யாரும் சேர்ப்பதில்லை. விலை சரிந்தால் முதலில் குறைவது களையெடுப்பு நாட்கள். ஏறினாலோ கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. ஜீப்புக்குள் அந்த உச்சம் எட்டவில்லை.

மிளகு விலை திரும்ப 600-ஐத் தாண்டியது 2023-இல். மதில் காரணமல்ல. வியட்நாம் விவசாயிகள் மிளகை விட்டுத் துரியன் பழத்துக்கும் காப்பிக்கும் மாறினார்கள். அங்கே விளைச்சல் குறைந்ததில் உலக விலை ஏறியது. அறிவிக்கை குறித்த 500 ரூபாய்க்குக் காவல் காக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. நம் விவசாயியைத் தூக்கிவிட்டது அவருடைய போட்டியாளரின் மனமாற்றம். அந்த மனம் மறுபடி மாறவும் கூடும்.

எனக்கு மதிலே ஆகாது என்பதில்லை. விலை மதில்தான் ஆகாது. தீர்வையாகப் போடுங்கள், இன்ன ஆண்டு வரை என்று கெடு வையுங்கள், வசூலாகும் பணத்தை மறுநடவுக்கும் வாடல் தாங்கும் நாற்றுக்கும் என்று கணக்கெழுதித் தனியே வையுங்கள். எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்றிதழைத் துறைமுகத்தில் தோண்டிப் பாருங்கள். இந்த நான்கும் இல்லாமல் அடுத்த சரிவில் எண்ணை மட்டும் 500-லிருந்து 700 ஆக்கினால், பில் எழுதுபவரும் 700 என்றே எழுதுவார்.