கல்வி விதிகளை முடிவுறுத்தும் முறை

பல்கலைக்கழகத்தில் புதிய கற்கைநெறியோ விதியோ தொடங்கும்போது குழுக்கள் கூடுகின்றன, அறிக்கைகள் வெளிவருகின்றன, விழாவும் நிகழ்கின்றது. அதனையே முடிவுறுத்தும் வேளையில் பெரும்பாலும் ஒரு சுற்றறிக்கையோடு காரியம் நிறைவேறிவிடுகின்றது. தொடக்கத்துக்கு நெறி உண்டாயின் முடிவுக்கும் நெறி வேண்டும் என்பதை இலங்கைப் பல்கலைக்கழக அனுமதி வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். கல்முனை முதலாய அம்பாறைக் கரையோர ஊர்களின் மாணாக்கர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. அவர்தம் எதிர்காலம் இதனோடு பிணைந்துள்ளது.

தரப்படுத்தல் என்னும் ஒரு சொல்லால் இருவேறு விதிகளைக் குறித்தல் நம்மவர் வழக்கு. முதலாவது மொழிவழித் தரப்படுத்தல். 1970ஆம் ஆண்டுப் பொறியியற் பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணாக்கர்க்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ்மொழி மூலம் தோற்றியோர்க்கு 250 புள்ளிகள் வேண்டப்பட்டன. தமிழ்மொழி மூலம் தோற்றியோருள் முஸ்லிம் மாணாக்கரும் அடங்குவர். இரண்டாவது, 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு. முன்னது எழுதிய மொழியை நோக்கிற்று. பின்னது கற்ற இடத்தின் வசதிக்குறைவை நோக்கிற்று. முன்னது கல்முனை மாணாக்கர்க்குத் தடையாயிற்று. பின்னது அவர்க்கு வாயிலொன்றைத் திறந்தது.

1977இல் ஆட்சி மாறியபோது மொழிவழித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. நீதியின்பாற்பட்ட முடிவே அது. ஆயினும் விதியைப் புகுத்தியதும் அரசாங்கம், நீக்கியதும் அரசாங்கம். கல்வி விதியொன்றின் ஆயுளைத் தேர்தல் அளக்குமாயின், அதன் குணமும் குற்றமும் கல்வியாளரால் அளக்கப்படுதல் அரிதாகும். நீங்கிய விதியின் பெயர் நீங்காத விதியின்மேல் இன்றும் ஏற்றிக் கூறப்படுதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

முடிவுறுத்தலில் நேரும் பிழைக்கு மற்றொரு சான்று அண்மைக்காலத்தது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் ஒருங்கே தோற்றினர். இருசாராரையும் ஒரு தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை ஒதுக்கி, இருசாரார்க்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. ஒரு பாடத்திட்டம் முடிவெய்தும்போது அதனைக் கற்ற இறுதி மாணாக்கர் நடுவழியில் நிற்கின்றனர். அவர்க்குரிய வழியை முன்னரே வகுத்திருப்பின் வழக்குமன்றம் ஏறவேண்டிய தேவை எழுந்திராது.

இனி, மாவட்டப் பங்கீட்டை நோக்குவாம். இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமையாலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகையாலும் நிரப்பப்படுகின்றன; எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குரியது. அம்பாறை அவற்றுளொன்று. இதனை முற்றாக நீக்கின், பொத்துவில் மாணவன் கொழும்பு நகரின் பெரும் பாடசாலைகளோடு சமநிலையின்றிப் போட்டியிட நேரும். என்றும் மாறாதபடி காப்பதும் நேர்மையாகாது. நீண்டகாலமாக வளர்ந்த பாடசாலைகளையுடைய கல்முனையும், உட்பகுதியான மகாஓயாவும் ஒரே மாவட்டம். ஒரே பங்கில் இரண்டும் போட்டியிடுகின்றன. வலியார்க்கும் மெலியார்க்கும் ஒரே வாயிலாயின், மெலியார்க்கென வகுத்த உதவி வலியாரிடமே தங்கிவிடக்கூடும். கல்முனையினராகிய நாம் பேசத் தயங்கும் உண்மை இதுவே. ஆகவே, மாவட்டம் என்னும் அளவுகோலை நீக்கிக் கல்வி வலயத்தையோ பாடசாலையின் வசதியையோ அளவுகோலாகக் கொள்ளலாமா என்பதே ஆராயத்தக்க வினா.

எந்த விதியையும் முடிவுறுத்துமுன் மூன்று கேட்டல் வேண்டும். அது எழுந்த நோக்கம் நிறைவேறியதா? நடுவழியில் நிற்போர்க்கு வழி யாது? முடிவின் காரணங்கள் எல்லாரும் காண எழுத்தில் உள்ளனவா? இவற்றுக்கு விடை காண, ஒலுவிலில் 1996 முதல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக இயங்கும் கல்விநிலையத்தினும் தக்க களம் யாது? வாயிலின் அகத்தே அமர்ந்தோர், வாயிலை மூடுவதா திறப்பதா என்று தீர்மானிக்குமுன், புறத்தே நிற்போரை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் அறிவுடைமையாம்.