பலன் இல்லை என்பதும் ஒரு விடைதான்: ரிகோட் ஆய்வு பற்றி

அப்பாவுக்கு சிஓபிடி என்று தெரிந்த பிறகு நுரையீரல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் மருத்துவ ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆய்வை எப்படிப் படிக்கலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

சிஓபிடி என்றால் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நோய். போன மூச்சு முழுசாகத் திரும்பாது. இன்ஹேலரைச் சரியாக இழுப்பது, புகையை விடுவது, உடற்பயிற்சி, நோய் திடீரென்று முற்றும்போது சீக்கிரம் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் சேர்ந்தால்தான் கொஞ்சம் நிம்மதி. இதை ஒரே குழுவாகச் செய்வதற்கு 'ஒருங்கிணைந்த பராமரிப்பு' என்று பெயர்.

2013-ல் நெதர்லாந்தின் க்ருயிஸும் குழுவினரும் கோக்ரேன் தொகுப்பாய்வு ஒன்றை வெளியிட்டார்கள். 26 ஆய்வுகள், 2997 நோயாளிகள். முடிவு நல்ல சேதி: வாழ்க்கைத் தரம் கூடியது, 6 நிமிட நடையில் சுமார் 44 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள், ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களும் குறைந்தன.

அடுத்து அதே க்ருயிஸ் முதல் ஆசிரியராக 2014-ல் பிஎம்ஜே இதழில் வந்ததுதான் ரிகோட். நெதர்லாந்தின் 40 குடும்ப டாக்டர் குழுக்கள், 1086 நோயாளிகள், 2 வருடம். பாதிக் குழுக்களில் டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லோருக்கும் 2 நாள் பயிற்சி, கூடவே ஒரு வெப் அப்ளிகேஷன். மற்ற குழுக்கள் வழக்கம்போல. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வாழ்க்கைத் தர மதிப்பெண்ணில் வித்தியாசம் வெறும் 0.01. கோக்ரேனில் பாஸான விஷயம் ப்ரொடக்‌ஷனில் ஃபெயில்.

இங்கே பலரும் அவசரப்பட்டு 'ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை' என்பார்கள். அது தப்பு. 0 முதல் 6 வரை போகும் அந்த அளவுகோலில் 0.4 மாறினால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும். ரிகோட்டின் 95 சதவீத நம்பக இடைவெளி -0.10 முதல் 0.08 வரை. 0.4-ஐ அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதாவது, சராசரி நோயாளிக்கு உருப்படியான பலன் இருந்து அது கண்ணில் படாமல் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. பலன் இல்லை. இதை மழுப்பாமல் எழுதியதற்கே அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும்.

என் குறை வேறு இடத்தில். கோக்ரேன் ஆய்வுகளில் இருந்தவர்களின் மூச்சுத்திறன் சராசரியாக 44 சதவீதம்தான். நிறையவே முற்றியவர்கள். ரிகோட்டில் வந்தவர்கள் பெரும்பாலும் லேசான, நடுத்தர நோய்க்காரர்கள். ஏற்கனவே ஓரளவு நன்றாக இருப்பவரை இன்னும் எவ்வளவு நன்றாக்க முடியும்? அதோடு நெதர்லாந்தில் 'வழக்கமான பராமரிப்பு' என்பதே சாதாரணம் இல்லை. 2010-லிருந்தே சிஓபிடிக்குத் தொகுப்புக் கட்டணம் வந்து, குழுவாகப் பார்க்கும் முறை பரவிக்கொண்டிருந்தது. ஒப்பிட எடுத்த எதிரணியே பலமான அணி.

சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால் நாங்கள் சராசரி நேரத்தைப் பார்த்து 'எல்லாம் சரி' என்று சொல்லமாட்டோம். கடைசி 5 சதவீதப் பயனர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். இங்கேயும் அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் முடிவு வந்த பிறகு டேட்டாவைத் துருவித் துருவி 'இந்தப் பிரிவினருக்குப் பலன் இருக்கு' என்று எடுப்பதும் ஏமாற்று வேலைதான். மூச்சுத் திணறல் அதிகம் உள்ளவர்களை முதலிலேயே தேர்ந்தெடுத்து புதிதாக ஆய்வு செய்யவேண்டும்.

இன்னொன்று. முதல் வருடத்தில் உடல் உழைப்பு உள்ளவர்களின் விகிதம் கூடியிருந்தது. இரண்டாம் வருடம் அந்த வித்தியாசம் காணோம். நின்றது 'என்னைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள்' என்ற நோயாளிகளின் உணர்வு மட்டும். டாக்டர்களுக்கு 2 நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, நோயாளியின் பழக்கம் 2 வருடம் மாறி நிற்கும் என்று எதிர்பார்த்தது கொஞ்சம் பேராசை.

இதைச் சொல்ல எனக்கும் கூச்சம் உண்டு. அப்பாவுக்காக நானே ஒரு ஆப் எழுத ஆரம்பித்திருந்தேன். தினமும் மூச்சு எப்படி இருக்கிறது என்று பதிவு செய்ய. அவர் நாலு நாள் போட்டார். அப்புறம், "ஏம்ப்பா, இதை நீ போன்ல கேட்டா ஆகாதா?" என்றார். உண்மையில் அவருக்கு உதவியது வேறு. மருந்தை அழுத்திவிட்டு, அப்புறம்தான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அதை ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தினார். இரண்டு நிமிட வேலை. ஒருவர் கதையை வைத்து ரிகோட்டை மறுக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அடுத்து யாராவது இப்படி ஆய்வு செய்தால், குழுவுக்கு எத்தனை நாள் பயிற்சி என்பதோடு, எத்தனை நோயாளிகள் இன்ஹேலர் இழுப்பதை நேரில் பார்த்தார்கள் என்பதையும் எண்ணி எழுதட்டும். நான் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன்.