கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள்

தத்தெடுத்து வந்த பூனையைக் கூடையிலிருந்து திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் அது காணாமல் போயிருக்கும். பீரோவுக்குப் பின்னால், வாஷிங் மெஷின் சந்தில், அல்லது எங்கள் வீட்டு மூவண்ணத்தியைப் போலக் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிகளின் இடுக்கில். (மூன்று நிறம் என்றால் அநேகமாகப் பெண்தான்.) துடைப்பக் குச்சியை விட்டு வெளியே தள்ளாதீர்கள். பார்க்க வேண்டிய காட்சி அங்கேதான் ஆரம்பம்.

முதல் வாரம் ஒரே ஓர் அறை போதும். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் தண்ணீரும் தீனியும். பழைய இடத்தில் தின்றதையே கொடுங்கள். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு நாள் முழுக்க வாயே வைக்கவில்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்; பட்டினி பூனையின் கல்லீரலைத் தாக்கும்.

மற்றபடி, ஒரு புத்தகத்தோடு தரையில் உட்காருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், ஓரக்கண் போதும். குக்கர் விசில் அடிக்கும்போது ஒரு காது சமையலறைப் பக்கம் திரும்பும், இன்னொன்று உங்களையே காவல் காக்கும். இரண்டும் பக்கவாட்டில் படிந்துவிட்டால் மெல்ல எழுந்து போய்விடுங்கள். இன்றைய பேட்டி முடிந்தது.

ஊர்சுற்றல் எல்லாம் விளக்கணைத்த பிறகு. ஒவ்வொரு பொருளாக மோந்து வரும். உங்கள் செருப்பை மோந்துவிட்டு, கெட்ட செய்தி கேட்டதுபோல வாயைப் பாதி திறந்தபடி நிற்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பூனைக்கு மேலண்ணத்தில் இன்னொரு மோப்ப உறுப்பு இருக்கிறது. அந்த வாசனையை அங்கே ஏற்றி நிதானமாகப் படிக்கிறது.

படித்து முடித்த பிறகு கையெழுத்து. கன்னத்திலும் நெற்றியிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. பிடித்த பொருளில் கன்னத்தைத் தேய்த்துத் தன் மணத்தைப் பூசும். நமக்குத் தெரியாது, அதற்கு அந்த மூலை சொந்தமாகிவிடும். அந்த இடத்தைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள்; பினாயில் பூனைக்கு நஞ்சும்கூட. எங்கள் வீட்டில் அந்த மரியாதை முதலில் கிடைத்தது கேஸ் சிலிண்டருக்கு. எனக்குப் பதினோராம் நாள்.

அதற்கு முன்பே ஒரு பேச்சுவார்த்தை நடந்திருந்தது. கண்ணைப் பாதி மூடி, மெதுவாகத் திறந்து காட்டுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இமைத்தவர்களுக்குப் பூனைகளும் கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்லின; முன்பின் தெரியாதவர் இமைத்தபோதும் கூடுதலாக நெருங்கி வந்தன. நான் கட்டிலருகே குப்புறப் படுத்து இமைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, எனக்குக் கண்வலி என்று அம்மா முடிவு கட்டினார். இருட்டுக்குள் இரண்டு பச்சைக் கண்கள் சுருங்கி விரிந்தன.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, வாலைக் கொடிக்கம்பம்போல நிமிர்த்தி, நுனியை மட்டும் லேசாக வளைத்து, கூடத்தின் நடுவே நடந்து வந்தாள். யாரும் சொல்லாமலே அம்மா சீரியலின் சத்தத்தைக் குறைத்தார்.