பழைய நீலகிரிப் படங்களில் இடத்தைக் கண்டறிதல்

நீலகிரியின் பழைய நிழற்படங்களில் இடத்தைக் கண்டறிய முயல்பவர்கள் முதலில் நம்புவது மலைமுகட்டைத்தான். கட்டடம் இடியும், சாலை திரும்பும். தொட்டபெட்டாவின் முகட்டுக்கோடு ஒன்றரை நூற்றாண்டில் மாறிவிடாது. சாமுவேல் போர்ன், நிக்கலஸ் சகோதரர்கள், ஊட்டியில் தொழில் நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென் ஆகியோர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எடுத்த படங்களுக்கு இம்முறை நன்றாகவே பொருந்துகிறது. முன்குன்று பின்னுள்ள சிகரத்தை எந்த இடத்தில் மறைக்கிறது என்று பார்த்தால், கேமரா நின்ற சரிவு தெரிந்துவிடும். அக்காலப் படங்கள் பலவற்றுக்குப் பயன்பட்ட ஈரக் கண்ணாடித் தகட்டைக் காயுமுன் கழுவியாக வேண்டும். இருட்டுக் கூடாரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தச் சுமையோடு சாலையை விட்டு வெகுதூரம் போவது கடினம்; ஆகவே சாலையோரத்திலிருந்து தேடத் தொடங்குவது நல்லது.

இம்முறையின் பெரிய எதிரி மரம். அன்றைய படங்களில் மொட்டைப் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலை. இன்று அதே சரிவுகள் பலவற்றில் கற்பூர மரமும் சீகை மரமும் நிற்கின்றன. முகட்டுக்கோடே உயர்ந்து தெரிகிறது. கேமரா நின்ற இடத்திலிருந்து எதிர்மலையே தெரியாமல் போவதும் உண்டு. அப்போது எழும் ஆசை, படத்தின் அடியில் உள்ள குறிப்பை நம்பிவிடுவது. குன்னூர்ப் படத்துக்கு ஊட்டி என்று பெயர் போட்டு விற்க அஞ்சலட்டைக்காரருக்கு என்ன தடை? தகட்டைத் திருப்பிப்போட்டு அச்சடித்தால் இடமும் வலமும் மாறிவிடும்; பெயர்ப்பலகை எழுத்து ஒன்றாவது இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஊட்டி ஏரி நல்ல எச்சரிக்கை. 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் அமைத்த ஏரி இன்றுள்ளதைவிட மிகப் பெரியது. குதிரைப்பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் அதன் பழைய பரப்பில்தான் இருக்கின்றன. நீரைப் பார்த்ததும் படகு இல்லத்தைத் தேடுபவர் தவறான கரையில் நிற்பார்.

மலை ரயில் படங்களில் சான்று தெளிவு. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரட்டைப் பட்டை தெரிந்தால், அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட பகுதி. குன்னூருக்கு மேல் பயணிகள் ரயில் ஓடும் படம் 1908க்கு முந்தையதாக இருக்க முடியாது. எந்தப் பாலம், எந்த வளைவு என்பது வேறு கேள்வி; மொத்தம் 208 வளைவுகள் உள்ள பாதையில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும்.

இந்த நடைமுறையின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளையர் பங்களாக்களுக்குப் பெயர் எழுதிய குறிப்புகள், தோடர் குடியிருப்புகளான மந்துகளையும் படுகர் ஊர்களான ஹட்டிகளையும் வெறும் 'கிராமம்' என்றே விட்டுவிடுவதுண்டு. கணினியில் மலைவடிவத்தை ஒப்பிடுபவர்களும் இந்த வெற்றிடத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். கோயிலின் இருப்பையும் வீட்டு வரிசையையும் வைத்து ஊரைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் அந்த ஹட்டிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் முகட்டை மட்டும் அளப்பது பாதி வேலை. இடத்தை அறிவிப்பவர்கள் முகடு, கட்டடம், ஊரார் சொல் ஆகியவற்றில் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதைப் படத்தின் கீழேயே எழுத வேண்டும்.