தறியிலிருந்து நேராக

நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது ஆறே சொல் கொண்ட ஒரு வரி. "காஞ்சிபுரம் தறியிலிருந்து நேராக உங்கள் வீட்டு வாசலுக்கு." அப்போது ஒரு பட்டுச் சேலைக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு மாதச் சம்பளத்தில் கேப்ஷன் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ரீலை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அதே மாதம் ஓர் இணைய இதழில் வந்த என் சிறுகதையை எத்தனை பேர் படித்தார்கள் என்று சொன்னால் எனக்கே சங்கடம்.

பெருநகரில் இருக்கும் என் அத்தைக்கும் யாரோ அந்த ரீலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். பெருநகர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் செய்யாற்றை ஒட்டிய ஊர். மாமா தறிக்குழியில் உட்கார்ந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தை தார் சுற்றுவார். பொங்கலுக்குப் போனபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னாடா இது, நேராவா? எங்க வூட்டுத் தறியிலருந்து நேரா யார் வூட்டுக்கு நாங்க சேல அனுப்பிச்சோம்?"

"அது சும்மா அத்த, விளம்பரத்துக்கு."

"சும்மான்னா ஏன் எழுதற?"

பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், நம் தலைமுறை ஒரு நாளில் மிக அதிகமாக வாசிக்கும் தமிழ் உரைநடை இந்தக் கேப்ஷன்தான். ஒரு கவிதையில் ஒரு சொல் பொய்யாக விழுந்தால் பத்துப் பக்கம் சண்டை போடுகிறோம். இதை மட்டும் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். என் சொந்த வரியையே ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கிறேன்.

*

முதலில் 'நேராக'. ஒரு காஞ்சிப் பட்டுச் சேலைக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசிய ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நூலுக்கு முறுக்கேற்றுகிறவர் ஒருவர், சாயம் தோய்க்கிறவர் இன்னொருவர். விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட ஒரு கூட்டமே வேண்டும். டிசைனைக் கட்டத்தாளில் வரைகிறவர் வேறு, ஜக்கார்டு அட்டை குத்துகிறவர் வேறு. இதெல்லாம் முடிந்து பாவும் ஜரிகையும் மாமா கைக்கு வருகிறது. கொடுப்பது ஒரு முதலாளி, அல்லது சொசைட்டி. மாமா நெய்து திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குகிறார். தறி அவருடையது. தறியில் இருக்கும் சேலை அவருடையது இல்லை. யாருக்கும் 'நேராக' அனுப்ப அவருக்கு உரிமையே கிடையாது.

இவ்வளவு பேரையும் அந்த ஒரு சொல் துடைத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் கடையும் அதில் சேர்ந்து அழிகிறது. சரக்கை முதல் போட்டு வாங்கி வைப்பது, விற்கும்வரை காத்திருப்பது, பிடிக்கவில்லை என்றால் மாற்றிக் கொடுப்பது எல்லாம் கடையின் வேலை. அது வெட்கப்பட வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் இணையத்தில் எல்லாக் கடையும் தான் கடை இல்லை என்று நடிக்கிறது.

அடுத்து 'காஞ்சிபுரம்'. 2005-06ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக அது சட்டப்படி ஒரு பெயர்ச்சொல். கேப்ஷனில் அது உரிச்சொல்லாகிவிடுகிறது. 'காஞ்சி ஸ்டைல்', 'காஞ்சி பார்டர்', 'செமி காஞ்சிபுரம்'. 'செமி' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் பெரிய கலைஞர். எது பாதி என்று அவர் சொல்வதே இல்லை. பட்டு பாதியா, ஜரிகை பாதியா, கைத்தறி பாதியா? நுணுக்கமாக ஏமாறாமலிருக்க ஒன்று தெரிந்துகொள்ளலாம். 'சில்க் மார்க்' முத்திரை இருந்தால் நூல் சுத்தமான பட்டு என்று பொருள். அது விசைத்தறிப் பட்டாகவும் இருக்கலாம். கையால் நெய்தது என்பதற்கு 'ஹேண்ட்லூம் மார்க்' என்ற வேறு முத்திரை உண்டு. ரீலில் முதல் முத்திரையைக் காட்டிவிட்டு இரண்டாவதை வாயால் சொல்லிவிடுவார்கள். நானும் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

*

இந்த வகைமைக்கென்று ஓர் இலக்கணம் உருவாகியிருக்கிறது. "ஹாய் மக்களே" என்று தொடங்கும். மேடையில் தலைவர்கள் பேசிய விளி, நைட்டியோடு சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை நோக்கி இப்போது பேசப்படுகிறது. "மூணே மூணு பீஸ்தான் இருக்கு" என்று நடுவில் ஓர் அவசரம் வரும். "பிரைஸ் டி.எம். பண்ணுங்க" என்று முடியும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வரி. கடைத்தெருவில் விலை கேட்டால் பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழும். "எனக்கு மட்டும் ஏன் கூட?" என்று அவர் சண்டை போடலாம். டி.எம்.மில் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. பேச்சு முழுக்க ஊரறிய நடக்கிறது, விலை மட்டும் காதோடு சொல்லப்படுகிறது.

எங்கள் ரீல்களில் முதல் மூன்று விநாடிக்குத் தறி வரும். பார்ப்பவர் தள்ளாமல் நிற்க அந்தத் தறிச்சத்தம் உதவும். நாடா ஓட்டும் ஒரு கை தெரியும், முகம் தெரியாது. பிறகு மாடல் வந்துவிடுவார். "நெசவாளர் வாழ்வு காப்போம்" என்று கீழே ஒரு வரி. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை உடுத்த முடியாத நெசவாளியாகப் பிரகாஷ்ராஜ் வருவார். அந்தப் படம் பார்த்துவிட்டு வீட்டிலிருக்கும் பட்டைத் தொடக் கை கூசும். ரீலும் அதே துயரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பணம் கட்டியதும் மனசு லேசாகிவிடும்படி செய்துவிடுகிறது. இரக்கம் பில்லோடு சேர்ந்து வருகிறது. கூலி எவ்வளவு என்ற கேள்வி மட்டும் எங்கும் வராது.

*

இதையெல்லாம் மாமாவிடம் ஆவேசமாகச் சொல்லி, எல்லாரும் தறியையும் ஆளையும் முழுசாகக் காட்ட வேண்டும் என்றேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "தறியக் காட்டுனா டிசைனு போயிடும்டா."

அவர் சொன்னது சரி. ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985லேயே வந்துவிட்டது. இருந்தும் கைத்தறியில் நாள்கணக்கில் நெய்ததன் நகல் விசைத்தறியில் இறங்கி, அதே இன்ஸ்டாகிராமில் கால்வாசி விலைக்கு வந்து நிற்கும். எனக்கு வெளிப்படைத்தன்மை ஒரு அறம். அவருக்கு அது நஷ்டம். விமர்சகன் சுலபமாகக் கேட்டுவிடலாம்.

அதற்காக இணையமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2020 ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது, சொந்தமாகப் பாவு வாங்கி நெய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்றார்கள். அவர்கள் 'நேராக' என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. அப்படி ஒரு பெண் போட்ட காணொளியைப் பார்த்தேன். பாட்டு இல்லை. டிசைன் தெரியாமல் சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நூலுக்கு இவ்வளவு, ஜரிகைக்கு இவ்வளவு, எங்கள் கூலி இவ்வளவு, ஆக விலை இது என்று நாற்பது விநாடி பேசினாள். டிசைனை மறைத்தாள், கணக்கைக் காட்டினாள். நாங்கள் செய்ததற்கு நேர் எதிர். நான் பார்த்த விளம்பர எழுத்தில் அதுதான் நல்ல உரைநடை.

*

கணக்கு என்றதும் எங்கள் வட்டத்தின் தலைமை ஊரான உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையை எல்லாரும் பள்ளியில் படித்திருப்போம். அதில் ஒரு விதி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்பது. அந்தச் சபை நிலமும் வேதமும் உள்ளவர்களின் சபை. மாமாவின் முன்னோருக்கு அங்கே இடம் இருந்திருக்காது. அதைப் பொற்காலமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பொதுச் சுவரில் எழுதுகிறவர் கணக்குக்குக் கட்டுப்பட்டவர் என்ற எண்ணம் அந்தக் கல்லில் இருக்கிறது.

சிறுவயதில் எங்கள் தெருவுக்குச் சேலை மூட்டையோடு ஒருவர் வருவார். திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார், கொஞ்சம் புளுகுவார், தவணைக்குக் கொடுப்பார். இன்றைய பாஷையில் அவர்தான் எங்கள் முதல் கன்டென்ட் கிரியேட்டர். ஆனால் சாயம் போனால் அடுத்த மாதம் அதே தெருவில் அவர் தவணை வாங்க வந்தாக வேண்டும். அந்தப் பயம் அவர் புளுகுக்கு ஓர் எல்லை போட்டது. இன்று அந்த எல்லையைச் சட்டம் போடப் பார்க்கிறது. பணம் வாங்கிப் பரிந்துரைப்பவர் அதை எளிய மொழியில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லதுதான். அது யார் பணம் கொடுத்தார் என்று சொல்ல வைக்கும். யார் நெய்தார் என்று சொல்ல வைக்காது.

அதனால் அந்த வேலையை எழுதுகிறவன்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. வேலையை விடுவதற்கு முன் ஒரு கேப்ஷன் எழுதினேன். "பெருநகரில் நெய்தது. நெய்தவர் ஒருவர், பதினாறு நாள். முதலாளி வழியாக எங்கள் கடைக்கு வந்தது. விலை இது." கடைக்காரர் படித்துவிட்டு, "நல்லாதான் தம்பி இருக்கு. ஆனா யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். போடவில்லை.

அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"ஒருத்தரா?" என்றார். "ஒருத்தர் நெய்ஞ்சா கோர்வை எப்டிடா வரும்? கரைக்கு ஒரு நாடா தனியா போவணும். அந்தப் பக்கம் யாரு உக்காந்து போடறாங்கன்னு நெனச்ச?"

இருபது வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். அத்தை தார் மட்டும்தான் சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.