வண்ணம் பூசிய வன்மம்: 1857உம் விக்டோரியா காலப் படங்களும்

'கார்ட்டூன்' என்னும் சொல் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்ததன்று. ஓவியக் கூடத்தில் பிறந்தது. பெரிய சுவரோவியம் தீட்டப்படுமுன் அதே அளவில் தாளில் வரையப்படும் முன்வரைவையே அது குறித்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் புதிய கட்டடத்தை அணிசெய்வதற்காக 1843இல் அத்தகைய முன்வரைவுகளுக்குப் போட்டி நடந்தது. அதைச் சாடி லண்டன் 'பஞ்ச்' வார இதழில் ஜான் லீச் ஒரு படம் வரைந்தார். கந்தலணிந்த ஏழைகள், ஓவியக் காட்சியில் சீமான்களின் உருவங்களைப் பார்த்து நிற்கிறார்கள். அப்படத்துக்கு இதழ் 'கார்ட்டூன்' என்றே பெயரிட்டது. அன்றுமுதல் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு அப்பெயர் நிலைத்தது. ஆக, வலியோரை எளியோர் சார்பில் எள்ளிய படமே இக்கலைக்குப் பெயர் தந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குள் அதே இதழில் அக்கலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதே இங்கு நாம் ஆராய விழைவது.

1850இல் 'பஞ்ச்' இதழில் சேர்ந்த ஜான் டென்னியல் 1901 வரை அதில் வரைந்தார். குழந்தைகள் விரும்பும் 'ஆலிஸ்' கதைக்குப் படம் வரைந்தவரும் அவரே. வாரந்தோறும் ஆசிரியர் குழுவினர் ஒன்றாக உணவருந்துகையில் அவ்வாரப் பெரும் படத்தின் பொருள் முடிவாகும். டென்னியல் அதை மரக்கட்டையின்மீது வரைவார். ஜோசப் ஸ்வெயினின் பட்டறையினர் செதுக்கி அச்சுக்கு அனுப்புவர். எனவே, இப்படங்களை ஒருவரின் தனிக்கருத்தாக மட்டும் கொள்வது பொருந்தாது. கற்ற நடுத்தர இங்கிலாந்தின் பொதுமனம் அவற்றில் பேசுகிறது.

1857 ஆகஸ்ட் 22ஆம் நாளிதழில், தாயையும் சேயையும் வீழ்த்திய வங்கப் புலிமீது பிரித்தானியச் சிங்கம் பாய்கிறது. இவ்வுருவகம் டென்னியலின் புதுப்படைப்பன்று. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த வெற்றிக்காக வெளியிடப்பட்ட ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்திலும் சிங்கம் புலியை அடக்குகிறது. மேலே பறக்கும் கொடியில் 'அஸதுல்லாஹ் அல்காலிப்' என்னும் அரபு வாசகம் உள்ளது. 'இறைவனின் சிங்கமே வெல்வது' என்று பொருள்படும் இதை, வென்றவர்கள் தங்கள் சிங்கத்துக்கே சூட்டிக்கொண்டார்கள். ஒரு நிலத்தின் சின்னத்தை விலங்காக்கியதோடு அமையாமல், அதன் மொழியையும் கைப்பற்றிய செயல் இது.

செப்டம்பர் 12ஆம் நாள் வெளிவந்த படத்தின் பெயர் 'நீதி'. வாளோங்கிய நீதித்தேவதை சிப்பாய்களை வெட்டி முன்னேறுகிறாள். ஒருபுறம் இந்தியப் பெண்கள் குழந்தைகளோடு ஒடுங்கிக் கிடக்கிறார்கள். கான்பூரில் 1857 ஜூலையில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது மறுக்கவும் மறைக்கவும் கூடாத கொடுமை. ஆயினும் விசாரணையற்ற பழிக்கு நீதி என்று பெயரிட்டது இப்படம். குற்றவாளி யார், குற்றமற்றவர் யார் எனப் பிரித்தறிய வேண்டும் என்ற தலைமை ஆளுநர் கானிங்கையும் 'பஞ்ச்' விடவில்லை. அக்டோபர் 24ஆம் நாள், சிப்பாயைத் தட்டிக்கொடுத்துக் கொஞ்சுபவராக அவரைக் காட்டி நகைத்தது. ஆட்சியாளரைக் கேலி செய்யும் துணிவு அவ்விதழுக்கு இருந்தது. ஆனால் அத்துணிவு இரக்கத்தை எள்ளவே பயன்பட்டது. அதன் வீழ்ச்சி இங்குதான் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

தாளில் கிளம்பிய சினம் விரைவில் திரைச்சீலைக்கு ஏறியது. 1843 போட்டியில் முதற்பரிசு பெற்றோருள் ஒருவரான எட்வர்ட் ஆர்மிடேஜ் 1858இல் 'பழிக்குப் பழி' என்னும் பெரும் ஓவியத்தைத் தீட்டினார். அதில் பிரிட்டானியா புலியின் கழுத்தைப் பிடித்து வாளோங்குகிறாள். அதே ஆண்டு நோயல் பேட்டன் வரைந்த 'நினைவாக' ஓவியத்தில், அஞ்சி ஒடுங்கிய ஆங்கிலேயப் பெண்களின் அறைக்குள் சிப்பாய்கள் நுழைந்தார்கள். பார்வையாளர் மனம் அதைப் பொறுக்காததால், சிப்பாய்களை அழித்து, மீட்க வரும் ஸ்காட்லாந்து வீரர்களைத் தீட்டினார். 1862இல் செதுக்குப்படமாகப் பரவியது இந்தத் திருத்திய வடிவமே. நாடுகடத்தப்பட்ட பகதூர் ஷா ஸஃபர் ரங்கூனில் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

விக்டோரியா காலப் படங்களுக்கு இன்றும் சந்தை உண்டு. பழைய 'பஞ்ச்' தாள்கள் பிரிக்கப்பட்டு, கையால் வண்ணமேற்றி, சட்டமிட்டு விற்கப்படுகின்றன. ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் கையால் நகலெடுத்துத் தருவதும் தனித்தொழிலாகியுள்ளது. டென்னியல் அச்சிட்டுத் தந்தது கறுப்புக் கோடுகளை மட்டுமே. அவற்றின் கடுமையே அவற்றின் நேர்மை. மஞ்சள் பூசிய புலியும் பொன்னிறச் சிங்கமும் வேட்டைக் காட்சியாகிவிடுகின்றன. தலைப்பும் நாளும் சட்டத்துக்குள் மறைந்தால், படம் தன் வன்மத்தை ஒளித்துக்கொண்டு கூடத்துச் சுவரில் அழகாக அமர்ந்துவிடுகிறது.

நகலெடுப்பதை நாம் இழிவாகக் கருதவில்லை. நம் நூல் மரபு நகலெடுத்தோரால் வாழ்ந்தது. ஆனால் அரபுச் சுவடியைப் படியெடுத்தவர், இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் பொறிப்பது பெருவழக்கு. படிப்பவர் மூலத்தையும் படியையும் வேறுபடுத்தி அறிய அது துணைநின்றது. படங்களை நகலெடுப்போரும் விற்போரும் இவ்வொழுக்கத்தைப் பின்பற்றுவது கடினமன்று: படத்தின் அடியில் தலைப்பு, நாள், இதழின் பெயர், வண்ணம் பிற்காலத்தது என்னும் குறிப்பு. இந்நான்கு வரிகள் இருந்தால், டென்னியலின் கைத்திறனை நாம் தயக்கமின்றிப் போற்றலாம். அத்திறன் யாருக்கு எதிராக வாளோங்கியது என்பதையும் நம் பிள்ளைகள் மறவாதிருப்பார்கள்.